ஒன்பது ஜோடியும் ஒரு புளுகும்

2003. லாஸ் வேகாஸ். 839 பேர், தலைக்குப் பத்தாயிரம் டாலரில் ஆரம்பித்த உலக போக்கர் போட்டி. மிச்சம் இரண்டே பேர். ஒருவர், பழம் தின்று கொட்டை போட்ட சாமி ஃபர்ஹா. எதிரே, அக்கவுன்டன்ட் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரே அதுதான்!). ஜெயித்தால் 25 லட்சம் டாலர். தோற்றால் 13 லட்சம்.

ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மணிமேக்கரிடம் ஜோடிகூடக் கிடையாது. ஆனாலும் அசராமல், இருந்த மொத்தத்தையும் பந்தயம் கட்டினார்!

'புளுகுகிறானோ?' ஃபர்ஹாவுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால், கணிப்பு தப்பினால் அத்தோடு ஆட்டம் காலி. கவிழ்த்தால், போட்டது போனாலும் மிச்சத்தை வைத்து ஆடலாம். யோசித்தார்... சீட்டைக் கவிழ்த்தார்.

கொஞ்ச நேரத்தில் பட்டம் மணிமேக்கருக்கு!

'ஒரு அக்கவுன்டன்ட்டே ஜெயித்தால், நமக்கென்ன?' 2004-ல் போட்டிக்கு வந்தவர்கள் 2,576 பேர். ஃபர்ஹா கவிழ்த்தது என்னவோ இரண்டே சீட்டு!