எடை தாண்டிய சண்டை: தோல்வியை எந்தக் கணக்கில் எழுதுவது?

2023 பெப்ரவரி 12, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரம். 65.8 கிலோ பிரிவின் யூ.எஃப்.சி. சம்பியன் அலெக்சாண்டர் வோல்கனோவ்ஸ்கி ஒரு பிரிவு மேலே ஏறி, 70.3 கிலோ சம்பியன் இஸ்லாம் மகச்சேவோடு ஐந்து சுற்றும் சண்டை பிடித்தார். மூன்று நடுவர்களும் மகச்சேவுக்கே வெற்றியைக் கொடுத்தார்கள்.

யூ.எஃப்.சி.யில் 'பவுண்ட் ஃபோர் பவுண்ட்' என்றொரு பட்டியல் இருக்கிறது. எடை வித்தியாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஆர் திறம் என்று ஊடகக்காரர்கள் வாக்குப் போடுகிற பட்டியல். சண்டைக்கு முதல் அதில் வோல்கனோவ்ஸ்கி முதலாமிடம், மகச்சேவ் இரண்டாமிடம். சண்டைக்குப் பிறகு வந்த பட்டியலிலும் அதே முதலாமிடம், அதே இரண்டாமிடம்! வென்றவருக்குக் கோபம் வந்ததில் என்ன பிழை?

எங்களுக்குள்ளும் இதில் இரண்டு கட்சி. அதனால் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம்.

1993 நவம்பர் 12, டென்வர். முதலாவது யூ.எஃப்.சி.யில் எடைப் பிரிவே இல்லை. எந்தச் சண்டைக் கலை பெரிது என்பதுதான் அன்றைய கேள்வி. முதல் சண்டையிலேயே 180 கிலோவைத் தாண்டிய சுமோ வீரர் டெய்லா டூலியை, அவரின் பாதியளவே இருந்த ஜெரார்ட் கோர்டோ அரை நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். அன்று சம்பியனானவர் கிட்டத்தட்ட 80 கிலோ எடையுள்ள ரொய்ஸ் கிரேசி. 1994 டிசம்பரில் அதே கிரேசி, தன்னைவிட 30 கிலோவுக்கு மேல் கூடிய டான் செவெர்னைக் கால்களால் கழுத்தைப் பூட்டி அடக்கினார்.

வித்தை தெரிந்தால் எடை ஒன்றும் செய்யாது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. ஆனால் அந்த வித்தையை எதிராளியும் படித்துவிட்டால்? திரும்பவும் எடைதான் பேசும். 1997 பெப்ரவரியில் 90.7 கிலோவை எல்லையாக வைத்து இரண்டு பிரிவுகள் வந்தன. 2000 இல் நியூ ஜேர்சியில் உருவான பொது விதிகளிலிருந்துதான் இன்றைய பிரிவுகள் பிறந்தன.

பிரிவு வந்ததும் அதைத் தாண்டுகிற ஆசையும் வந்தது. 70.3 கிலோ சம்பியன் பி.ஜே. பென், 2009 ஜனவரியில் 77.1 கிலோ சம்பியன் ஜோர்ஜ் சென்-பியரோடு மோதினார். நான்காம் சுற்று முடிய அவரின் பக்கமே சண்டையை நிற்பாட்டியது. ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில் பென் தன் சொந்தப் பிரிவில் பட்டத்தைக் காத்தார். 83.9 கிலோ சம்பியன் இஸ்ரேல் அடெசன்யாவும் 2021 மார்ச்சில் 93 கிலோ பிரிவுக்கு ஏறித் தோற்றார். அதுதான் அவரின் முதல் எம்.எம்.ஏ. தோல்வி. மூன்று மாதத்தில் தன் பிரிவில் திரும்ப வென்றார். மேலே தோற்றதற்காகக் கீழே இறக்கினால், பிறகு ஒருத்தரும் மேலே ஏறிப் பார்க்க மாட்டார்கள்.

மேலே ஏறி வெல்பவர்களின் கதை வேறு. 2016 நவம்பரில் கொனர் மக்கிரெகர் எடி அல்வரெஸை வென்று, யூ.எஃப்.சி.யில் ஒரே நேரத்தில் இரண்டு பிரிவுப் பட்டங்களை வைத்திருந்த முதல் ஆளானார். பெரிய சாதனைதான், மறுக்கேலாது. ஆனால் இரண்டு பட்டத்தில் ஒன்றையாவது காக்க அவர் ஒருமுறையும் சண்டை பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டும் கைவிட்டுப் போயின. அதுவரை இரண்டு பிரிவிலும் வரிசையில் நின்றவர்களின் காலத்தை ஆர் திருப்பிக் கொடுப்பது? சண்டைக்காரருக்கு நல்ல வயது கொஞ்ச வருடம்தானே.

ஹென்றி செஜுடோவின் கதை எங்களுக்கு நல்ல அளவுகோலாகத் தெரிகிறது. 2019 ஜனவரியில், 61.2 கிலோ சம்பியன் டி.ஜே. டிலஷோ 56.7 கிலோவுக்கு இறங்கி வந்து, செஜுடோவிடம் 32 செக்கனில் தோற்றார். அதனால் செஜுடோ 61.2 கிலோ சம்பியன் ஆகிவிடவில்லை. ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டு டிலஷோ அந்தப் பட்டத்தை விட்ட பிறகு, ஜூனில் மார்லன் மொராயெஸை அதே எடையில் வென்றுதான் அதை எடுத்தார். சண்டை எந்த எடையில் நடந்ததோ, அந்த எடையின் கணக்கில்தான் அது எழுதப்பட்டது.

பிரிவுப் பட்டியலுக்கு இதுதான் நியாயமான விதி என்று நினைக்கிறோம். மேலே வென்றவருக்கு மேலே இடம் கொடுக்கலாம், ஆனால் ஒரு தவணைக்குள் அங்கே சண்டை பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடத்தை விட வேண்டும்.

அப்ப பேர்த்? இரண்டு நடுவர்கள் 48–47 என்றுதான் புள்ளி போட்டார்கள், ஒரு சுற்று வித்தியாசம். சின்ன ஆள் இவ்வளவு நெருங்கினால் அவர்தான் திறம் என்ற வாதம் விளங்காத வாதம் இல்லை. ஆனால் அப்படிப் பார்த்தால் பெரிய ஆளுக்கு அந்தச் சண்டையில் கிடைப்பது என்ன? தோற்றால் "சின்ன ஆளிட்டயே தோத்திட்டான்", வென்றால் "சின்ன ஆளைத்தானே வெண்டவன்". இரண்டு பக்கமும் நட்டம்.

வோல்கனோவ்ஸ்கியைப் பத்துப் படி இறக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மகச்சேவுக்கு ஒரு படி கீழே நின்றிருந்தால் போதும். அந்த ஒக்டோபரில் அபுதாபியில், கிட்டத்தட்ட பத்து நாள் அவகாசத்தில் வந்த வோல்கனோவ்ஸ்கியை மகச்சேவ் முதல் சுற்றிலேயே தலைக்கு உதைத்து வீழ்த்தினார். விவாதம் அதோடு அடங்கியது. ஆனால் முதல் சண்டையின் கணக்கை எழுத இரண்டாவது சண்டை வரை காத்திருக்கத் தேவையில்லை. மேலே ஏறுகிறவரின் துணிச்சலை நாங்கள் மதிப்பது, அவர் எதையோ இழக்கவும் கூடும் என்பதால்தானே. தோற்றாலும் ஒன்றும் குறையாது என்றால், அந்தத் துணிச்சலுக்கும் மதிப்பில்லை.