தோல் போன வழியே

பாலாற்றங்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு வெகுகாலம் முன்பே அந்தக் கரையின் தோல் லண்டனைப் பார்த்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் டேனரிகளில் பதமான தோல் சென்னைப் பெரியமேட்டுக் கிடங்குகளுக்கு வரும். அங்கே தரம் பிரித்து, கட்டுக் கட்டி, கப்பலேற்றுவார்கள். அந்தக் கட்டுகள் போய் இறங்கிய நகரத்தில், தேம்ஸ் நதியின் தென்கரையில், பெர்மாண்ட்சி என்றொரு தோல் பேட்டை இருந்தது. 1830களிலேயே தனக்கென்று ஒரு தோல் சந்தை கட்டிக்கொண்ட பகுதி அது. நம் மாட்டுத் தோலுக்கு அங்கே 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். கட்டின் மேலுள்ள மார்க்கைப் பார்த்தே அது யார் சரக்கு என்று வியாபாரிகள் சொல்லிவிடுவார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோல் இங்கிருந்துதான் பெருமளவு போனது.

ஆனால் போனது பாதி வேலை முடிந்த தோல். சாயம், மெருகு, சீவல் எல்லாம் அங்கே. லாபத்தின் கொழுத்த பங்கும் அங்கேயே தங்கிவிட்டது.

அந்த மீதிப் பாதியைக் கற்றுக்கொடுக்க இங்கிலாந்தில் கல்லூரிகளே இருந்தன. லீட்ஸில் 1891இல் தோல் தொழிலுக்கென்று தனித்துறை தொடங்கியது. ஹென்றி ரிச்சர்ட்சன் புராக்டர் அதை வளர்த்தெடுத்தார். பெர்மாண்ட்சியிலேயே 1909இல் ஒரு தோல் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. சென்னையும் சும்மா இருக்கவில்லை. பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் இங்கே குரோம் உப்பால் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். 1915இல் அரசு தோல் தொழிற்பள்ளி ஒன்றையும் திறந்தது.

வெளிநாட்டில் படிக்கப் போனவனின் முதல் நாட்கள் என்றால் குளிர், உப்பில்லாச் சாப்பாடு, வழி தப்பிய தெரு என்று எழுதியவர்கள் ஏராளம். தோல் படிக்கப் போனவனுக்கு அதற்கு மேலும் ஒரு திகைப்பு காத்திருந்தது. ஊரில் ஆவாரம்பட்டைச் சாறு பதமாகிவிட்டதா என்பதை மேஸ்திரி கையை விட்டுப் பார்த்து, மோந்து பார்த்துச் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். இங்கிலாந்துக் கல்லூரியிலோ ஒரு கண்ணாடிக் குழலைச் சாற்றில் மிதக்கவிட்டு, பார்க்கோமீட்டர் என்ற அந்தக் கருவி காட்டும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். சுண்ணாம்புக் குழியின் காரத்தையும் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு அளக்க வேண்டும்.

அதைவிடக் கூர்மையான பாடம் கொதிநீரில் இருந்தது. பட்டையில் பதமான தோல் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அது சுருண்டு விறைத்துப்போகும். நன்றாகக் குரோம் ஏறிய துண்டு அப்படியே கிடக்கும். பட்டைக் குழியில் வாரக்கணக்கில் ஊறியதை, சுழலும் டிரம் ஓரிரு நாளில் முடித்துவிடும் என்பதும் சேர்ந்தே புரியும். கடுக்காயும் ஆவாரமும் மட்டுமே தெரிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் கொதிநீர்க் குவளை என்னவெல்லாம் சொல்லியிருக்கும்!

இந்த வழியில் போனவர்களில் பெயர் நிலைத்தவர் யெலவர்த்தி நாயுடம்மா. 1922இல் குண்டூர் மாவட்ட விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், தோலைத் தொட்டாலே தீட்டு என்ற காலத்தில் சென்னைத் தோல் பள்ளியில் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்து, அதன் பிறகு அமெரிக்காவில் பெத்லஹேம் என்ற எஃகு ஆலை நகரத்தின் லீஹை பல்கலைக்கழகம். திரும்பி வந்து, 1948இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1958இல் இயக்குநரானார். 1985இல் குண்டு வெடித்துச் சிதறிய ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தோடு போய்விட்டார்.

ஆம்பூர்ப் பக்கம் படிப்பின் தேவை முற்றியது 1970களில்தான். சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதி பதனிட்ட தோலுக்கும் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுதாக முடித்த தோல், அல்லது ஷூ. இல்லையென்றால் கடையை மூடு. மெருகு, சாயம், ஸ்பிரே எல்லாம் தெரிந்த ஆள் வீட்டுக்குள்ளேயே வேண்டியிருந்தது. பிள்ளைகள் நார்தாம்ப்டனுக்கும் ஜெர்மனியின் ராய்ட்லிங்கனுக்கும் கிளம்பினார்கள். கிளம்பியவர்கள் பெரும்பாலும் முதலாளி வீட்டுப் பிள்ளைகள். சுண்ணாம்புக் குழியில் காலை வைத்து நின்ற தலித் தொழிலாளியின் மகன் அந்தக் கப்பலிலும் இல்லை, விமானத்திலும் இல்லை. தோல் வட்டாரத்தின் வளர்ச்சிக் கதைகள் இதைச் சொல்லாமலே நகர்ந்துவிடுகின்றன.

கற்று வந்த குரோம் பாலாற்றுக்கும் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. அதன் பிறகு தோல் படிப்பில் கழிவுநீர்ப் பாடத்தைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

இப்போது எதிர்த் திசையிலும் ஆள் வருகிறது. எத்தியோப்பியா பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 150 சதவீத வரி போட்டு, முடித்த தோலும் ஷூவும் தானே செய்யக் கிளம்பியது. எழுபதுகளில் இந்தியா போட்ட அதே கணக்கு. அந்த நாட்டுத் தோல் நிறுவனம் அடையாறு நிறுவனத்தோடு கைகோத்தது. அடிஸ் அபாபாவின் மலைக்குளிரில் வளர்ந்த மாணவர்கள் சென்னை வெயிலில் இறங்கி, இங்கே தோல் படித்துவிட்டுப் போனார்கள்.