சாவிக்கொத்து யார் இடுப்பில்?

அதிகாரம் என்றதும் அரசு, போலீஸ், நீதிமன்றம் என்றே நம் பேச்சு போய்விடுகிறது. பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் காலை பத்து மணிக்கு ஒரு குமாஸ்தா கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாரே, அங்கேயும் அது இருக்கிறது. புதுக் கணக்கு திறப்பது, பாஸ்வேர்டை மாற்றித் தருவது எல்லாம் தினசரி எடுபிடி வேலைதான். ஆனால் அதை யார் செய்யலாம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1961இல் எம்.ஐ.டி.யில் கார்பட்டோ குழுவினர் செய்துகாட்டிய சிடிஎஸ்எஸ், ஒரே எந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் புழங்க வழிசெய்தது. பலர் வந்ததும் ரகசியம் வந்தது. பின்னாலேயே காவல்காரனும் வந்தான். 1960களின் நடுவில் ஒருநாள், உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவரின் பாஸ்வேர்ட் பட்டியல் கண்முன் விரிந்தது. வெளியாள் கைவரிசை இல்லை. ஒரு நேரத்தில் ஒருவரே புழங்குவார் என்று எண்ணிச் செய்த திருத்தியை இரண்டு நிர்வாகிகள் ஒன்றாகப் புழங்கியதில் கோப்புகள் இடம்மாறிவிட்டன. 'நிர்வாகி என்றால் ஒருவர்' என்ற கருத்தாக்கமே அங்கு உடைந்தது எனலாம்.

அடுத்து வந்த மல்டிக்ஸ் இதற்கு வேறு பதில் சொன்னது. தலைமை நிர்வாகிக்குக் கீழே ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி நிர்வாகி. தன் திட்டத்தில் யார் நுழையலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அவரே தீர்மானிப்பார். மையம் தன்னைக் கொஞ்சம் கலைத்துக்கொண்டது.

1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் மறுபடியும் ஒற்றை மையத்துக்கே திரும்பியது. பூஜ்யம் என்ற எண் கொண்ட 'ரூட்' சகலமும் செய்யலாம், மற்றவர்கள் குடிகள். இதில் ஒரு சந்து வைத்தவர் டென்னிஸ் ரிட்சி. சாதாரண ஆள் தன் பாஸ்வேர்டை மாற்றும்போது, அந்த நிரல் மட்டும் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். 1979இல் இதற்குக் காப்புரிமையே கிடைத்தது. நம்பிக்கை மனிதர் மேல் அல்ல, நிரல் மேல் வைக்கப்பட்டது என்பது கவனத்திற்குரியது. 1980 வாக்கில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் உருவான 'சூடோ', குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் குறிப்பிட்ட ஆட்களுக்குக் கடன் கொடுத்தது. கடன்தான், தானம் இல்லை.

1993இல் வந்த விண்டோஸ் என்டி, 'அக்கவுண்ட் ஆபரேட்டர்ஸ்' என்றொரு குழுவை வைத்தது. கணக்கு திறக்கலாம், மூடலாம். நிர்வாகிகளின் கணக்கில் மட்டும் கைவைக்கக் கூடாது. 2000இல் வந்த ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு துறையை மட்டும் பிரித்து, பாஸ்வேர்ட் மாற்றும் உரிமையை மட்டும் ஒருவரிடம் கொடுக்க முடிந்தது. கூடவே இன்னொரு ஏற்பாடும் இருந்தது: 60 நிமிடத்துக்கு ஒருமுறை அமைப்பு தானே உயர் நிர்வாகிகளின் கணக்குகளைச் சரிபார்த்து, கீழிருந்து யாருக்காவது பிடி கிடைத்திருந்தால் அதை அழித்துவிடும்.

இதை வெறும் ஆதிக்க மனோபாவம் என்று தள்ளிவிட முடியாது. ஒருவரின் பாஸ்வேர்டை மாற்ற முடிகிறவர் அவராகவே உள்ளே போகவும் முடியும். எடுபிடி வேலை என்று நாம் சொன்னது, இன்னொருவராக மாறும் சக்தி.

மாமியார் மருமகளிடம் அரிசி அறைச் சாவியைக் கொடுப்பார். பெட்டகச் சாவி இடுப்பிலேயே இருக்கும். அதைப் பங்கீடு என்பதா, வேலைப் பிரிவினை என்பதா? உழைப்பு கீழே இறங்கிவிடுகிறது. திரும்பப் பிடுங்கும் உரிமை மேலேயே தங்கிவிடுகிறது. யாரை உள்ளே விடுவது என்று அறையில் இருப்பவர்களே தீர்மானிக்கலாம் என்ற மல்டிக்ஸின் யோசனைதான் இன்னும் பாக்கி நிற்கிறது.