பூங்காவில் எழுந்த உச்சக்குரல்



இசையைக் கேட்டல் எளிது, இசைத்தல் அரிது. இவ்வேறுபாட்டை எண்ணிக் கவலையுற்ற ஓர் இசைவாணரைப் பற்றி இன்று கூறப் புகுகின்றேன். அவர் பெயர் ஜான் பிலிப் சூசா. 1854ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் பிறந்த அவர், 1892இல் தம் பெயரால் ஒரு பாண்டு வாத்தியக் குழுவை நிறுவினார்.

பிலடெல்பியா நகருக்கு அருகில் வில்லோ குரோவ் என்னும் பூங்கா 1896இல் திறக்கப்பெற்றது. பயணிகளைப் பெருக்கும் பொருட்டு டிராம் கம்பெனியார் அமைத்த பூங்கா அது. டிராம் கட்டணம் கொடுத்து வந்தவர் இசையை இலவசமாகக் கேட்கலாம். 1901 முதல் 1926 வரை, உலகப் பயணம் சென்ற 1911 நீங்கலாக, ஆண்டுதோறும் சூசாவின் குழு அங்கே வாசித்தது.

அக்குழுவில் வயலின் வரிசை இல்லை. கிளாரினெட் என்னும் துளைக்கருவிகளே அதன் பணியைச் செய்தன. பித்தளைக் கருவிகளும் முரசும் முழங்கிய பின்னர், ஒரு பெண்மணி எழுந்து பாடுவார். பெண்குரலில் மிக உயர்ந்ததாகிய அக்குரலைச் சொப்ரானோ என்பர். ஒலிபெருக்கி வழக்கில் வராத காலத்தில், திறந்த வெளியில் ஒரு குரல் எவ்வாறு எட்டும்? பாடகிக்கு நெடும்பயிற்சி வேண்டும். வாத்தியக்காரர்களோ தம் ஒலியை அடக்கி, அவர் மூச்சறிந்து வாசித்தல் வேண்டும். எஸ்டெல் லீப்லிங் என்னும் பாடகி சூசாவின் குழுவோடு 1,600 நிகழ்ச்சிகளுக்கு மேல் பாடினார் என்பர். ஓபரா அரங்கினுள் கால் வைத்தறியாத எளிய மக்கள் பலர், ஓபராப் பாடல்களை முதன்முதலாக இத்தகைய குழுக்கள் வாயிலாகவே கேட்டனர்.

சிற்றூர்களிலும் மக்கள் தாமே கூடிக் குழுக்களை அமைத்துக் கோடை மாலைகளில் வாசித்தனர். இவ்வழக்கத்திற்கு ஊறு நேருமோ என்று சூசா அஞ்சினார். கிராமபோன் பெருகினால் வீட்டில் பாடுவோர் குறைவர், ஊர்க்குழுக்கள் நலியும் என்று 1906இல் கட்டுரை எழுதினார். ஆயினும் அவர் குழுவின் பெயரால் இசைத்தட்டுகள் விற்பனையாயின. நெடுநாள் மறுத்துவந்த வானொலிக்கும் 1929இல் அவர் இசைந்தார். வானொலியில் அமர்ந்து நான் இதனைக் கூறுவதும் விந்தையே! காலத்தின் போக்கை அவரால் தடுக்க இயலவில்லை.

எனினும் அவர் வாழ்வின் முடிவைக் கேளுங்கள். ரெடிங் என்னும் நகரில் 1852இல் தோன்றிய ரிங்கோல்டு குழு, 1932இல் தன் எண்பதாம் ஆண்டு விழாவிற்கு அவரை அழைத்தது. 77 வயதுச் சூசா அவ்வூர்க் குழுவின் ஒத்திகையை நடத்தினார். இறுதியாகத் தாம் இயற்றிய புகழ்பெற்ற அணிநடை இசையை வாசிக்கச் செய்தார். அன்றிரவு கழிந்து, மார்ச் 6ஆம் நாள் விடியுமுன் உயிர் நீத்தார்.

லீப்லிங் அம்மையார் பின்னர் ஆசிரியையானார். ஓபரா உலகில் பெரும்புகழ் பெற்ற பெவர்லி சில்ஸ், சிறுமியாய் இருந்தபோதே அவரிடம் பயின்றார். இசைத்தட்டு ஒரு குரலைக் காத்து வைக்கும். அடுத்த குரலை உருவாக்குவதற்கு ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் நேருக்கு நேர் அமர வேண்டும். ஆதலின் கேளுங்கள், கேட்டபின் நீங்களும் பாடிப் பாருங்கள். உங்கள் பள்ளியில் ஒரு குழு இருப்பின், அதில் ஓர் இடம் உங்களுக்காகக் காத்திருக்கும்.