உதயகிரிக் கோட்டையில் ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவர் சிலரை உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். திருவட்டாற்றிலிருந்து புறப்பட்டுப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டுப் புலியூர்க்குறிச்சிக்குப் போனோம். பீரங்கி வார்த்த உலைக்களம் இருந்த கோட்டை அது. உள்ளே சிதைந்த தேவாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. அதன் முன் நின்று, "குளச்சல் போரில் டச்சுப் படைக்குத் தலைமை தாங்கித் தோற்ற தளபதி இவர், பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படையைப் புதுக்கியவர்" என்று நாம் விளக்கிக்கொண்டிருந்தோம்.

கல்வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், 1777இல் இறக்கும்போது வயது அறுபத்திரண்டு என்றால், 1741இல் இருபத்தாறுதானே? அந்த வயதில் தளபதியா?"

நம்மிடம் விடை இல்லை. நாம் சொன்னது ஒரு சுற்றுலாத் துண்டறிக்கையில் படித்தது. அதை அதற்கு முன்பே ஒரு கட்டுரையிலும் எழுதி அச்சேற்றியிருந்தோம். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி உடன் வந்தது.

விடை தேடிய நாட்களில், தொடர்பே இல்லாத ஒரு துறையிலிருந்து நமக்குப் பாடம் கிடைத்தது. அமெரிக்கா போன்ற நாடுகளில், சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை எடுத்து, மருந்தும் ஈயக்குண்டும் புதிதாக வைத்து மீண்டும் நிரப்பிக்கொள்ளும் பழக்கம் உண்டு. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி தோட்டா செய்வதற்கு உரிமம் வேண்டும்; ஆகவே நம்மவர்க்கு இது அந்நியமான கலை. ஆனால் அத்துறையில் புதிதாய் நுழைபவருக்கு மூத்தோர் கூறும் அறிவுரைகள் வரலாறு பயில்பவருக்கும் அப்படியே பொருந்துகின்றன.

முதலாவது, மருந்தின் அளவை வாய்மொழியாகக் கேட்டு வைக்காதே. சோதித்துப் பார்த்தவர் அச்சிட்ட கையேட்டிலிருந்து எடு. இரண்டாவது, ஒரே கையேட்டை நம்பாதே. இரண்டு மூன்றை ஒப்பிடு. மூன்றாவது, அவை ஒன்றையொன்று பார்த்து எழுதியவையா, தனித்தனியே சோதித்தவையா என்று பார். நான்காவது, பழைய கையேட்டின் எண்ணைப் புதிய மருந்துக்குப் பொருத்தாதே. ஐந்தாவது, கையேடுகள் முரண்பட்டால் குறைந்த அளவிலிருந்து தொடங்கு. மீறினால் துப்பாக்கியே வெடித்துக் கையைக் கொண்டுபோகும். வரலாற்றில் கை போகாது, உண்மை போகும். யாருக்கும் வலிக்காததால் அந்தப் பிழை நூறாண்டு நின்று வாழும்.

அளந்து பார்த்து எழுதும் முறைக்குக் குளச்சல் போரின் காலத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. போருக்கு அடுத்த ஆண்டு, 1742இல், இங்கிலாந்தில் பெஞ்சமின் ராபின்ஸ் என்பவர் பீரங்கியியல் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதன்மேல் குண்டைச் சுட்டு, ஊசல் ஆடிய தொலைவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையை அதில் விளக்கினார். 1745இல் கணித மேதை ஆய்லர் அதை விரிவான உரையுடன் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 'நான் கண்டது இது, அளந்த முறை இது' என்று சொல்லும் கையேட்டுக்கு அது ஒரு தொடக்கம். வரலாற்று நூலிடமும் நாம் கேட்க வேண்டியது அதுவே: உனக்கு இது எப்படித் தெரியும்?

இனி நம் ஊர்ப்பக்கத்து நூல்களுக்கு வருவோம். குளச்சல் போரைப் படிக்கத் தொடங்குபவர் கையில் முதலில் கிடைப்பவை மூன்று: 1878இல் சங்குண்ணி மேனன் எழுதிய திருவிதாங்கூர் வரலாறு, 1906இல் நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் மானுவல், 1940இல் வேலுப்பிள்ளையின் மானுவல். மூன்றும் பெருமுயற்சியின் பயன். இவையின்றி நாஞ்சில் நாட்டைப் பற்றி எழுதவே முடியாது. ஆனால் மூன்றும் திருவிதாங்கூர் அரசின் நிழலில் பிறந்தவை. முந்தையதை அறிந்தே பிந்தையது எழுதப்பட்டது. ஆகவே மூன்று நூல்களும் ஒரே செய்தியைச் சொன்னால் அது மூன்று சான்று ஆகிவிடாது. ஒரு சான்றின் மூன்று பிரதிகளாகவும் இருக்கலாம்.

எதிர்த்தரப்பின் கையேடும் வேண்டும். போர் நடந்தபோது மலபாரில் டச்சு நிறுவனத்தின் தலைவராக இருந்த கொல்லனெஸ், பதவி விட்டுச் செல்கையில் 1743இல் ஒரு நினைவுக்குறிப்பு எழுதி வைத்தார். 1911இல் கல்லெட்டி என்பவர் அதை ஆங்கிலத்தில் பதிப்பித்தார். தோற்றவர் தம் மேலிடத்துக்கு எழுதியது என்பதால் அதற்கும் ஒரு சாய்வு உண்டு. ஆனால் நிகழ்ச்சிக்கு இரண்டே ஆண்டுத் தொலைவில் உள்ளது. கொச்சியின் டச்சு ஆவணங்கள் பல இன்றும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டச்சு ஆவணங்களின் துணைகொண்டு மார்க் டி லன்னாய் எழுதிய ஆய்வு நூல் 1997இல் வந்தது. அவ்வாவணங்களின் வழி நோக்கும்போது, டிலனாய் டச்சுப் படையை நடத்திய தலைவர் அல்லர், கீழ்நிலையில் இருந்தவர். மாணவனின் கூட்டல் கழித்தல் சரியாகவே இருந்தது.

அடுத்து, போரின் நாள். குளச்சல் வெற்றித் தூணுக்கு மதராஸ் படைப்பிரிவினர் மரியாதை செய்யும் நாள் ஜூலை 31. பல நூல்களில் காண்பது ஆகஸ்டு 10. 'பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி வேறுபாடு' என்று சொல்லி இரண்டையும் ஒன்றாக்கிவிடுவோர் உண்டு. ஆனால் 1741இல் அந்த வேறுபாடு பதினொரு நாள். கூட்டினால் ஆகஸ்டு 11 வருகிறது, 10 அன்று. ஒரு நாள் உதைக்கிறது. குளச்சலில் நடந்தது ஒரே நாள் சண்டையும் அன்று. முற்றுகையும் சரணும் பல நாட்கள் நீண்டவை. எனவே 'போர் நடந்த நாள்' என்று ஒற்றை எண்ணை எழுதுமுன் எந்த நாள், எந்த நிகழ்ச்சி என்று கேட்க வேண்டும். ஐந்தாம் அறிவுரைப்படி, உறுதியாகச் சொல்லத்தக்க குறைந்த அளவு இது: கொல்லம் ஆண்டு 916, கர்க்கடக மாதம். தொடக்கநிலையினர் இன்னொன்றும் நினைவில் கொள்க. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பது. ஆண்டின் முன்பகுதிக்கு 824ஐயும், சனவரிக்குப் பின் 825ஐயும் கூட்டவேண்டும். இதை மறந்து ஓராண்டு தவறிய கட்டுரைகள் ஏராளம்.

வெற்றிக்கான காரணமும் இரண்டு விதமாய் வழங்குகிறது. திருவிதாங்கூர்ப் படையின் குண்டு டச்சுக்காரரின் மருந்துப் பீப்பாயில் விழுந்து, மூண்ட தீ அரிசி இருப்பை அழித்ததால் அவர்கள் பணிந்தனர் என்பது ஒன்று. முக்குவ மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து அணிவகுத்து நின்று பெரும்படை போல் தோன்றினர், மரத்துண்டுகள் பீரங்கிகளாய்க் காட்சியளித்தன என்பது கடற்கரையில் சொல்லப்படும் கதை. இரண்டாவதைக் கதை என்று எறிந்துவிட வேண்டியதில்லை. கடற்கரை மக்கள் அந்த வெற்றியில் தமக்குள்ள பங்கை நினைவில் வைத்திருக்கும் முறை அது. ஏட்டில் இடம் பெறாதவர்களின் கையேடு அதுவே. அவ்வாறே, போருக்குமுன் மார்த்தாண்ட வர்மர் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை வணங்கிச் சென்றார் என்பது எங்கள் ஊரின் மரபு. அதை மரபு என்றே எழுதுவோம். ஆவணம் என்று எழுத மாட்டோம். மருந்துக் கலயத்தின்மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு சரியாக இருந்தால் எதையும் எறிய வேண்டிய தேவை எழாது.

இப்போதும் மாணவரை உதயகிரிக்கு அழைத்துச் செல்கிறோம். கல்லறை முன் நாம் முதலில் பேசுவதில்லை. பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் அவர்களையே கணக்கிடச் சொல்கிறோம். அதன்பின் நம் பழைய கட்டுரையைக் கையில் கொடுத்து, அதில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். நல்ல கையேடு எது என்று கற்பிக்க, தவறான கையேடு ஒன்றும் வேண்டியிருக்கிறது. அதை நாமே எழுதி வைத்திருப்பது ஒருவகையில் வசதிதான்.