இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பல் பிடுங்கலாமா? மாத்திரையை நிறுத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

இரவெல்லாம் பல்வலியில் தவித்து, காலையில் முதல் ஆளாய்ப் பல் கிளினிக்கில் எண் எடுத்துக் காத்திருந்தவரிடம், "பிரஷர் அதிகமாக இருக்கிறது, இன்று பல்லைப் பிடுங்க முடியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது தோட்டத்திலும் பட்டணத்திலும் பலருக்கு நேர்ந்திருக்கிறது. இப்படி ஒருமுறை திரும்பியவர்களில் சிலர், அடுத்த முறை பிரஷர் இருப்பதையே சொல்வதில்லை. வேறு சிலர் பல் மருத்துவரிடம் போவதை விட்டுவிட்டு, கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக் கணக்கில் விழுங்குகின்றனர். இரண்டுமே ஆபத்தானவை.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் சுமார் 29 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. பல் நாற்காலியில் உட்காரும்போதுதான் சிலருக்கு முதன்முறையாக அது தெரிய வருகிறது.

எந்த அளவில் பல் பிடுங்கலாம்?

இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். ஆனால் 140ஐத் தாண்டியவுடன் பல் சிகிச்சை கூடாது என்பதில்லை. 180/110 என்ற அளவைத்தான் பல் மருத்துவர்கள் பொதுவாக எல்லைக்கோடாக வைத்திருக்கின்றனர். அதற்குக் கீழே இருந்தால், மருத்துவர் நோயாளியின் நிலையைப் பார்த்துக் கவனத்துடன் சிகிச்சையைத் தொடரலாம். அந்த அளவை எட்டினால், அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைத்து, முதலில் சுகாதாரக் கிளினிக்கிற்கு அனுப்புவார்கள்.

இது நோயாளியை அலைக்கழிப்பதற்காக அல்ல. அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போது பயமும் வலியும் சேர்ந்து அதை இன்னும் ஏற்றிவிடும். பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றின் அபாயம் கூடும். பல் எடுத்த இடத்தில் இரத்தம் நிற்கவும் நேரமாகும்.

சில வேளைகளில் கிளினிக் பயமே எண்ணை உயர்த்திக் காட்டும். அதனால் ஐந்து, பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு மறுபடி அளப்பது வழக்கம். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பியும் சிகரெட்டும் வேண்டாம்.

அன்று காலை செய்ய வேண்டியது

பல் பிடுங்கும் நாளில் மாத்திரை சாப்பிடக்கூடாது என்று சிலர் நினைக்கின்றனர். இது தவறு. பிரஷர் மாத்திரையை வழக்கமான நேரத்தில் சாப்பிட வேண்டும். மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுவதாக இருந்தால், காலை உணவையும் முடித்துக்கொண்டு செல்லலாம். மாத்திரைகளையோ மருந்துச் சீட்டையோ, சுகாதாரக் கிளினிக்கில் கொடுத்த சிகிச்சைப் புத்தகத்தையோ கையோடு எடுத்துச் செல்வது நல்லது. மருந்தின் பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் பல் மருத்துவர் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாங்களாகவே நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்படும் அபாயம் உண்டு.

மரத்துப்போகும் ஊசி

இந்த ஊசி மருந்தில் பெரும்பாலும் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். மரத்த நிலை நீடிக்கவும் இரத்தக் கசிவு குறையவும் அது உதவுகிறது. பிரஷர் இருப்பதைத் தெரிந்துகொண்ட மருத்துவர் அளவைக் குறைத்து, மெதுவாகச் செலுத்துவார். இருதய நோய் உள்ளவர்களுக்கு ஒரு முறைக்கு 0.04 மில்லிகிராம் அட்ரினலினுக்கு மேல் வேண்டாம் என்பது பரவலான வழக்கம். தேவைப்பட்டால் அட்ரினலின் இல்லாத மருந்தும் உண்டு. சரியாக மரத்துப்போகாமல் வலியைத் தாங்கிக்கொள்வது வீரம் அல்ல. வலியில் உடல் தானாகவே அட்ரினலினைச் சுரந்து அழுத்தத்தை ஏற்றிவிடும்.

சிகிச்சை முடிந்தவுடன் சட்டென்று எழக்கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படுத்த நிலையிலிருந்து எழும்போது தலை சுற்றலாம். ஓரிரு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு எழ வேண்டும்.

வீட்டிற்கு வந்த பிறகு

பஞ்சுத் துணியை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுவதும் வாய் கொப்பளிப்பது, அடிக்கடி துப்புவது, சூடான பானம், மது, புகை, வெற்றிலை பாக்கு எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிக்கலாம். விழுங்காமல் துப்பிவிடுவதால் பிரஷர் உள்ளவர்களும் பயப்பட வேண்டியதில்லை.

வலி மாத்திரையில்தான் அதிகக் கவனம் தேவை. போன்ஸ்டான், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. சில பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் குறைக்கும். சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் இவற்றைச் சாப்பிடக்கூடாது. கல்லீரல் கோளாறு இல்லாதவர்களுக்குப் பாரசிட்டமோல் பொதுவாகப் பாதுகாப்பானது. அதையும் சொன்ன அளவில்தான் சாப்பிட வேண்டும்.

ஈறு வீங்குவது ஏன்?

அம்லோடிபின், நிஃபெடிபின் ஆகிய மாத்திரைகள் சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லின் மேல் வளர்ந்து வரும். துலக்கினால் இரத்தம் வரும். பற்களில் அழுக்குச் சேர்ந்திருந்தால் இது மோசமாகும். இதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. அப்படிச் செய்யக்கூடாது. பல் கிளினிக்கில் ஈறைச் சுத்தம் செய்துகொண்டாலே பலருக்கு வீக்கம் குறையும். குறையாவிட்டால், மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரைகளால் வாய் வறண்டு, பல் சொத்தையாகலாம். அடிக்கடி தண்ணீர் குடிப்பதும் இனிப்பைக் குறைப்பதும் உதவும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

முகமோ தாடையோ வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், பிரஷர் இறங்கட்டும் என்று வீட்டில் காத்திருக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிரஷர் அதிகமாக இருந்து நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்குதல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல் இவற்றில் ஏதாவது தெரிந்தால் 999ஐ அழைக்க வேண்டும்.

"இன்று முடியாது" என்று பல் மருத்துவர் சொன்னால், அது பல்லுக்கான மறுப்பு அல்ல. பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு வரச் சொல்வதுதான். அதற்குள் வலியைக் குறைக்க என்ன செய்யலாம், மறுபடி எப்போது வரலாம் என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கிளினிக்கைவிட்டு வெளியே வர வேண்டும்.