கரண்டும் கம்ப்யூட்டரும்: ஓசூர் எல்லையில் ஒரு தொழிலின் கதை

கெலமங்கலம், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போகிறவர் அனுபவசாலியாக இருந்தால், பெட்டியைத் திறப்பதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பார். ஸ்விட்ச் போர்டில் மல்டிமீட்டரின் முனைகளைச் செருகி, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எவ்வளவு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு என்று மூன்று அளவு எடுப்பார். “தானா ஆஃப் ஆயிடுதுண்ணா, ஏன்னே தெரியலை” என்று வீட்டுக்காரர் சொல்லும் ஒற்றை வரிப் புகாருக்குப் பாதி விடை அந்த மூன்று எண்களிலேயே கிடைத்துவிடும். மீதி விடைக்கு அந்த வட்டாரத்தின் மின்சார வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

இந்த எல்லைப் பகுதியைச் சுற்றி மின்சாரம் வந்தது மிகவும் முன்பே. மைசூர் சமஸ்தானத்தில் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்ட சிவனசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902 ஜூனில் இயங்கத் தொடங்கியது. காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்குப் போனது. உலகில் அன்று இருந்த மிக நீண்ட மின்பாதைகளில் அதுவும் ஒன்று. 1905இல் பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. வரைபடத்தில் சிவனசமுத்திரத்தையும் தங்கவயலையும் நேர்க்கோட்டால் இணைத்துப் பார்த்தால், கோடு ஓசூரை உரசிக்கொண்டுதான் போகும். ஆனால் அது சுரங்கத்துக்கான மின்சாரம். வெள்ளைக்காரக் கம்பெனியின் எந்திரங்களுக்கு அது போன காலத்தில், அன்றைய சேலம் மாவட்டத்தின் கடைக்கோடியில் இருந்த கேழ்வரகுக் காடுகளில் சீமெண்ணெய் விளக்குதான் எரிந்தது.

மதராஸ் மாகாணம் தன் பங்குக்கு பைக்காராவையும் மேட்டூரையும் கட்டியது 1930களில். கிராமங்களுக்குக் கம்பி இழுக்கும் வேலை வேகம் பிடித்தது 1957 ஜூலையில் மின்சார வாரியம் அமைந்த பிறகு. தமிழ்நாட்டில் அந்தக் கம்பியைக் கிராமத்துக்கு இழுத்து வந்தது கிணற்று மோட்டார். வீட்டு விளக்கு அதன் பின்னால் வந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் வீடும் மோட்டாரும் தொங்கின. கம்ப்யூட்டர் பழுதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நேரடித் தொடர்பே இருக்கிறது.

கிராமங்களில் விவசாயத்துக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் முறை வைத்துத்தான் வந்தது. மற்ற நேரத்தில் வீட்டு விளக்குக்கான அளவே வந்தது. தண்ணீர் பாய்ச்ச வேண்டிய அவசரத்தில் இருப்பவர் கண்டன்சர் போட்டு, கிடைக்கிற ஃபேஸிலேயே மோட்டாரை ஓட்டிவிடுவார். வாடும் பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாராலும் முடியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த மோட்டார் கிளம்பும் விநாடியில் அதே லைனில் இருக்கும் தெரு முழுக்க விளக்கு மங்கும், டியூப்லைட் மினுக்கும், மின்விசிறி சோம்பும். 1956ஆம் ஆண்டு மின்சார விதிகள் சொன்னபடி வீட்டு இணைப்பில் அழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. 230 வோல்ட் என்றால் 216க்குக் கீழே போகக் கூடாது. லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை ஆறு மணிக்கு மீட்டர் காட்டுவது பெரும்பாலும் வேறு கணக்கு.

இன்னொரு பக்கம், 1970களிலும் 80களிலும் ஓசூரின் முகமே மாறியது. சிப்காட் தொழில்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை, அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட், 80களின் பிற்பாதியில் டைட்டன் கடிகாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. தொழிற்சாலைக்குத் தனி உயரழுத்த இணைப்பு, சொந்த ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. அங்கே ஷிப்ட் முடித்துவிட்டுக் கெலமங்கலம் திரும்பும் தொழிலாளியின் வீட்டில் இருந்தது லைன் கடைசி மின்சாரம். இந்த இரண்டு மின்சாரங்களின் இடைவெளியில்தான் ஒரு தொழில் முளைத்தது.

முதலில் வந்தது ஸ்டெபிலைசர். டி.வி.க்கும் ஃப்ரிட்ஜுக்கும் அது இல்லாமல் முடியாது என்ற நிலை. கொச்சியில் 1977இல் இரண்டு தொழிலாளர்களோடு ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கிய வி-கார்டு, தென்னிந்தியா முழுக்க வளர்ந்ததற்கு நம் மின்கம்பிகளின் தள்ளாட்டமே காரணம். சென்னையில் 1984இல் நியூமெரிக் தொடங்கியது, அது யூ.பி.எஸ். பக்கம் போனது. அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு அந்தக் காலத்தில் சி.வி.டி. என்ற கனத்த இரும்புப் பெட்டி ஒன்றை வைப்பார்கள். நாள் முழுக்க உறுமும், கை வைத்தால் சுடும், ஆனால் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும்.

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது சி.வி.டி. வாங்க யாருக்கும் வசதியில்லை. 1990களின் கடைசியில் கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்க ஓசூர் வட்டாரத்துக்காரருக்குச் சென்னை ரிச்சி தெரு தூரம், பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டிவிடலாம். மதர்போர்டுக்கும் பிராசசருக்கும் பேரம் பேசிய கை, கேபினெட்டோடு சேர்ந்து வந்த, உள்ளே கரண்டை மாற்றிக் கொடுக்கும் மலிவான எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பற்றிக் கேட்டதேயில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்த டி.வி. ஸ்டெபிலைசரில் கம்ப்யூட்டரையும் சொருகினார்கள். அங்கேதான் வினை. அழுத்தம் மாறும்போது ஸ்டெபிலைசருக்குள் ரிலே ‘டக்’ என்று இடம் மாறும். அந்தத் துளி நேரம் டி.வி.க்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

எவ்வளவு நேரம் தாங்கும்? இன்டெல் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையை ஒட்டி வந்த விதிமுறைகள், மின்சாரம் அறுந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்கின்றன. நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட். அதாவது ஒரு சுற்று முழுதாக விடுபட்டால் கம்ப்யூட்டர் அணையலாம்; கண்ணால் அதைப் பார்க்கக்கூட முடியாது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்தான் அந்த இடைவெளிக்கு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் தொட்டி. வெப்பத்திலும் வயதிலும் அது வற்றிப்போனால், முன்பு தாங்கிய அதே மினுக்கலை இப்போது தாங்காது. “போன வருஷம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு” என்று சொல்கிறவர் பொய் சொல்வதில்லை.

ரிப்பேர் கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மதர்போர்டிலிருந்து 24 முனை இணைப்பைப் பிடுங்குவார். பச்சை ஒயரையும் ஏதாவதொரு கறுப்பு ஒயரையும் வளைத்த கம்பித் துண்டால் இணைப்பார். மின்விசிறி சுழன்றால் உயிர் இருக்கிறது என்று பொருள். சுழன்றதாலேயே நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது; சுமை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் திரும்ப மாட்டி, கம்ப்யூட்டரை ஓடவிட்டு, மஞ்சள் ஒயரில் அளப்பார். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.4க்குக் கீழே இறங்கினால் பழுது அங்கே. மூடியைத் திறந்தால் தலை உப்பிய கெப்பாசிட்டர் ஒன்றாவது இருக்கும். 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கத் தரமற்ற கெப்பாசிட்டர்கள் பரவி, பெயர் பெற்ற கம்பெனிகளின் மதர்போர்டுகளே உப்பி வெடித்தன. அந்தச் சரக்கு இங்கும் வந்தது. பத்து ரூபாய்ச் சாமானை மாற்றிச் சால்டர் வைத்தால் தீரும் பழுதுக்கு மதர்போர்டையே மாற்றிய வீடுகளும் உண்டு. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எர்த்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போன பாறை நாடு. மண் மெல்லியது, கோடையில் ஈரமே இருக்காது. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த்துக் குழியில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால், எர்த்து பெயருக்குத்தான் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முகப்பில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கேபினெட்டின் உடம்போடு இணைந்திருக்கும். எர்த்து சரியில்லையென்றால், உடம்பில் மின்னழுத்தத்தின் பாதி வந்து நிற்கும். கேபினெட்டைத் தொட்டதும் சுரீரென்று இழுக்கும் அந்த ஷாக்கைப் பல வீடுகள் “அது அப்படித்தான்” என்று ஏற்றுக்கொண்டிருந்தன. கோடை இடி மழையில் தொலைபேசிக் கம்பி வழியே மின்னல் இறங்கி மோடம் கருகியதும் அதே காலத்தில்தான். அதைவிடக் கொடியது டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் அறுவது: தெருவில் சில வீடுகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கிய அழுத்தம் பாயும். அன்று ரிப்பேர் கடையில் கூட்டம் நிற்கும்.

பிறகு வந்தது 2008. அந்த ஆண்டு தொடங்கிய மின்வெட்டு 2012இல் உச்சம் தொட்டது. சென்னைக்கு இரண்டு மணி நேரம். மற்ற மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூடப் போனது. காற்றாலை சுழலும் மாதங்களில் கொஞ்சம் மூச்சு விடலாம், காற்று நின்றால் மறுபடி இருட்டு. ஓசூரின் சிறு பட்டறைகள் டீசலில் ஓடிக் கடன்பட்டன. டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகையைப் பேஜ்மேக்கரில் அடித்துக்கொண்டிருப்பவர் இரண்டு வரிக்கொரு முறை சேவ் செய்தார். அது அந்தத் தலைமுறையின் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

மேசைக்கு அடியில் வைக்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸின் குறையும் அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. அதில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. பழைய குண்டு மானிட்டரோடு பத்து, பதினைந்து நிமிடம் கொடுக்கும். வேலையைச் சேமித்து முறையாக அணைப்பதற்கு அது போதும், அதற்கு மட்டுமே போதும். ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போகும் மின்சாரத்தில் அது முழுதாகச் சார்ஜ் ஏறவே இல்லை. அரைச் சார்ஜில் கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படியும். மூன்று ஆண்டு உழைக்க வேண்டியது ஓராண்டில் செத்தது. கரண்ட் போன கணமே யூ.பி.எஸ்.ஸும் சேர்ந்து அணையும் வீடுகளில், எதற்கு அது என்ற கேள்வி எழுந்தது.

இன்வெர்ட்டர் அந்த இடத்தைப் பிடித்தது. கூடவே ஒரு புதுப் புகாரும் வந்தது: “இன்வெர்ட்டர் இருக்கு, ஃபேன் நிக்கலை, ஆனா சிஸ்டம் மட்டும் ரீஸ்டார்ட் ஆகுது சார்.” காரணம் பெரும்பாலும் இன்வெர்ட்டரின் முதுகில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச். ஒரு பக்கம் சாதாரண முறை. அதில் பேட்டரிக்கு மாற 40 மில்லிசெகண்ட் வரைகூட ஆகும். மறு பக்கம் யூ.பி.எஸ். முறை, பத்துக்குள் மாறிவிடும். அந்த ஸ்விட்சைத் தள்ளிவிட்டுக் காசு வாங்காமல் போன மெக்கானிக்குகளும் உண்டு. அதே பெட்டியில் சாதாரண முறை ஏறத்தாழ 100 வோல்ட் வரை லைனையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பல்புக்கு அது சரி. கம்ப்யூட்டர் அதற்கு முன்பே, 180ஐ ஒட்டியே, தடுமாறத் தொடங்கிவிடும்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு இணைந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் மின்வெட்டு படிப்படியாக விலகியது. வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதைக் குறைத்ததில் இன்னொன்றுக்கும் பங்குண்டு: 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். மடிக்கணினிக்குள்ளேயே பேட்டரி இருப்பதால், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கரண்ட் போனதே சில சமயம் தெரியவில்லை. ரிப்பேர் கடைகள் சி.சி.டி.வி.க்கும் செல்போனுக்கும் நகர்ந்தன.

ஆனாலும் மேசைக் கம்ப்யூட்டர் ஒழிந்துவிடவில்லை. பில் போடும் கடைகளிலும், ரோஜா, தக்காளி ஏற்றும் மண்டிகளிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்று பழுது பார்க்கிறவருக்கு ஒரு வசதி: விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற குறிப்பு இருந்தால், முறையாக அணைக்காமலேயே கம்ப்யூட்டர் நின்றிருக்கிறது என்று உறுதி. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அப்போது தெருவில் என்ன நடந்தது என்று கேட்டாலே வழி திறந்துவிடும். தினமும் அதே மாலை வேளை என்றால் லைன். விளையாட்டு ஓடும்போது மட்டும் என்றால் எஸ்.எம்.பி.எஸ். அல்லது சூடு, நேரங்காலம் இல்லாமல் என்றால் தளர்ந்த பிளக்கும் கருகிய சாக்கெட்டும்.

காலம் எப்படித் திரும்புகிறது பாருங்கள். உலகெங்கும் கம்ப்யூட்டர்களுக்கு எஸ்.எம்.பி.எஸ். செய்து கொடுத்து வளர்ந்த தைவானின் டெல்டா, கிருஷ்ணகிரிக்கு அருகே குருபரப்பள்ளியில் ஆலை வைத்திருக்கிறது. எக்சைடு பேட்டரி ஓசூர் அருகே உற்பத்தியாகிறது. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின் ஸ்கூட்டர்கள் இந்த மாவட்டத்திலிருந்தே கிளம்புகின்றன. கெலமங்கலம் வட்டாரத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸின் பெரிய ஆலை ஓடுகிறது. மின்சாரம் கண்ணாமூச்சி ஆடிய ஊர்கள், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளை உலகுக்கு அனுப்புகின்றன.

அந்த மின்வெட்டுக் காலம் விட்டுப்போன ஒரு மிச்சம் இன்னும் பல வீடுகளின் பரணில் கிடக்கிறது: செத்துப்போன யூ.பி.எஸ். பேட்டரிகள். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். உடைத்து உருக்கினால் மண்ணும் கிணறும் கெடும், பிள்ளைகளின் உடம்பில் ஈயம் ஏறும். பழைய பேட்டரியை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டும் என்று 2001இலேயே விதி வந்துவிட்டது. 2022இல் அது இன்னும் விரிவானது. புதுப் பேட்டரி வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். அப்படியே, இந்தக் கோடைக்கு முன் எர்த்துக் குழிக்கு இரண்டு குடம் தண்ணீரும் ஊற்றிவிடுங்கள்.